பேனரில் ஊதாச் சட்டை

கார்த்திகை பிறந்ததிலிருந்தே சலவை மெஷினின் சத்தம் மாறிவிட்டது. டிரம் சுற்றும்போது, உள்ளே யாரோ சரளைக்கல்லை அள்ளிப் போட்டதுபோல ஒரு கரகரப்பு. துர்கா சமையலறையில் நின்றாலும் அவள் காது பின்பக்கக் கொட்டகையில்தான் இருக்கும். சத்தம் நின்றுவிட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள்.

சாரம் பகுதியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான் லாண்டரி. கடற்கரை அருகே பழைய பிரெஞ்சுக்காரர் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் அத்தனையும் இங்கேதான் வரும். காலையில் அவள் புருஷன் செல்வகுமார் டெம்போவில் அழுக்கை ஏற்றி வருவான். மறுநாள் வெள்ளையாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். இஸ்திரி போட இரண்டு பெண்கள் வந்து போனார்கள். மடிப்பது மட்டும் புருஷனும் பெண்டாட்டியும்தான்.

பெரிய கட்டிலுக்கான விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிராக நடந்து வர வேண்டும். கல்யாணமான புதிதில் சண்டை வந்தால் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விரிப்பின் நாலு முனையும் சேரும் இடத்தில் கையோடு கை பட்டே ஆக வேண்டும். "இன்னும் கோவமா?" என்பான் அவன், முனைகளை அவள் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே. அவள் சிரித்துவிடுவாள். எத்தனையோ சண்டைகள் அப்படி மடித்து அடுக்கப்பட்டு ஓட்டலுக்குப் போயிருக்கின்றன.

ஓட்டலில் அறைகளைக் கவனித்துக்கொள்ளும் மேனகாதான் முதலில் எச்சரித்தாள். நல்லவள், அதனால்தான் முன்கூட்டியே சொன்னாள். மாடியில் புதிதாக அறைகள் கட்டி முடித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்கினால் காலையில் எடுத்த துணி மாலையில் திரும்பி வர வேண்டும். இந்த ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு அது நடக்காது. சென்னைக் கம்பெனி ஒன்று தினமும் லாரி அனுப்பத் தயாராக இருக்கிறது என்று முதலாளியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டிசம்பர் பாதி வரைக்கும் நான் சமாளிக்கறேன் துர்கா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றாள் மேனகா.

ஓட்டல் போனால் லாண்டரி இல்லை. லாண்டரிதான் வீடு, சோறு, துர்காவின் அப்பாவுக்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரை. இரண்டாவது மெஷின் வாங்கினால் எல்லாம் நிலைக்கும். அதற்கு பேங்க் லோன் வேண்டும்.

லோனுக்கு ஆவணியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டல் பில்கள், வரி கட்டிய ரசீதுகள், துர்கா பேரில் இருந்த வீட்டுப் பத்திரம், மெஷின் கம்பெனியின் விலைப்பட்டியல், எதிலும் குறையில்லை. மேனேஜர் தேவதாஸ் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், "பாத்துட்டிருக்கோம்மா" என்பார். போகும்போது இன்னொரு காகிதம் கேட்பார். இதற்கிடையில் அவர்கள் தெருமுனையில் ஒருவர் ஜூஸ் கடை போட்டார். வட்டத்துக் கட்சிப் பிரமுகர் ஒருவர் அவரோடு பேங்க்குக்குப் போய் மேனேஜர் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வந்தாராம். கடைக்குப் பெயர்ப்பலகை வருவதற்கு முன்பே லோன் வந்துவிட்டது.

வீட்டை அளந்து பார்க்க வந்த பேங்க் ஆள் செருப்பை மாட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். "யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா ஃபைல் மேல வந்துடும்மா. இல்லன்னா அடியிலதான் கெடக்கும்."

செல்வகுமாருக்கு அது பிடிக்கவில்லை. அவன் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு, வர வேண்டிய பணத்துக்காகக் கட்சி ஆபீஸ் வாசல்களில் காத்திருந்தே காலம் கழித்துச் செத்தவர். "எங்கப்பா நின்ன வரைக்கும் போதும். நம்ம யார் வாசல்லயும் போய் நிக்க வேணாம்" என்றான். துர்கா சரி என்றாள். சொன்னபோது மனதார நினைத்துத்தான் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டிரம் நடுவில் நின்றுபோனது, உள்ளே ஓட்டல் துண்டுகளோடு. மெக்கானிக் வந்து பேரிங்கைத் தட்டிக் கொட்டி ஓடவைத்தான். இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று இரவு செல்வகுமார் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அவன் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை, காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு துர்கா முதலியார்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

முதலியார்பேட்டையில் இருந்தது அவள் தாய்மாமன் கலியமூர்த்தியின் வீடு. ஆளுங்கட்சியில் தொகுதிப் பொறுப்பில் இருப்பவர். காலையில் அவர் வீட்டு முன்னறையில் மாற்றலுக்கும் பென்ஷனுக்கும் வேலைக்கும் ஆட்கள் காத்திருப்பார்கள். அவர் மகன் ஹரிகிருஷ்ணனைத்தான் துர்கா கட்டிக்கொள்வாள் என்று இரண்டு குடும்பமும் நினைத்திருந்தது. அவளோ செல்வகுமாரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலை போடப்படாமலே தாலி ஏறியது. அதற்குப் பிறகு இந்தப் படியை அவள் மிதிக்கவே இல்லை.

காத்திருந்தவர்களோடு ஓரமாக அவளும் உட்கார்ந்தாள். மாமா வெளியே வந்தார். அவளைப் பார்த்தார். பார்க்காததுபோல ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி அனுப்பினார். அத்தை தனக்கொடி மட்டும் உள்ளிருந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்து, தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

அறை காலியான பிறகு மாமா கேட்டார். "என்னா வேணும்?"

சொன்னாள். பேங்க், ஓட்டல், மெஷின் எல்லாம் முன்னும் பின்னுமாகக் கலந்து வந்தன.

அவர் எழுந்து விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "உன் கல்யாணத்துக்கு மாலைக்குச் சொல்லி வச்சிருந்தேன், தெரியுமா? விடிகாலைல பூக்காரன் கொண்டாந்து குடுத்துட்டான். வாங்கி வச்சிட்டு ஒக்காந்திருந்தேன். யாராச்சும் வந்து கூப்புடுவாங்கன்னு."

"மாமா..."

"வந்து ஒரு வார்த்த கூப்புட்டிருக்கலாம் பாப்பா. அவ்ளோதான்."

அவளுக்கு அது தெரியாது. அவர் கோபத்தில் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இப்போது அழுவதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவர் போனை எடுத்தார். எதிரில் அவளை வைத்துக்கொண்டே தேவதாஸிடம் பேசினார். அதிகாரமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு சார், பாத்து முடிச்சுக் குடுங்க" என்றார், அவ்வளவுதான். மறுபக்கம் "கண்டிப்பா சார், கண்டிப்பா" என்றது அவளுக்கும் கேட்டது.

கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னார். "உன் வூட்டுக்காரன ஒருதரம் கூட்டியா. வந்து சாப்புட்டுப் போவட்டும்."

இதைச் செல்வகுமாரிடம் எப்படிச் சொல்வது என்று ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தாள். லோன் கைக்கு வரட்டும், மெஷின் வந்து இறங்கட்டும், அந்தச் சந்தோஷத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

ஆச்சரியம், அவனும் அந்த வாரம் தெளிவாக இருந்தான். மல்லிகைப் பூ வாங்கி வந்தான். விரிப்பு மடிக்கும்போது முனைகளைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாரு, இந்த வாரம் மேனேஜரே நம்மளக் கூப்புடுவாரு" என்றான். மாமாவின் போன் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, பேங்க்கில் யாரோ இவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டாள். திங்கட்கிழமை பேங்க்கிலிருந்து இருவரையும் வரச் சொல்லி அழைப்பும் வந்தது.

சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். சிக்னலில் நின்றபோது துர்கா எதேச்சையாகத் தலையைத் தூக்கினாள்.

தடை, அபராதம் என்று எது இருந்தாலும் இந்த ஊரில் பிறந்தநாள் பேனர் நிற்காமல் போவதில்லை. முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் இரண்டு மாடி உயரத்துக்குக் கைகூப்பிக்கொண்டு நின்றார். இப்போது எதிர்க்கட்சியில் இருப்பவர். தேர்தல் வருவதால் பேனர் வழக்கத்தைவிடப் பெரிது. அவர் காலடியில் ஆதரவாளர்கள் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். கடைசி வரிசையில் ஒரு ஊதாச் சட்டை.

அந்தச் சட்டை அவளே தேடி எடுத்து, அவளே இஸ்திரி போட்டது. பேங்க் ஃபாரத்தில் ஒட்ட நல்ல போட்டோ வேண்டும், பார்த்தால் நம்பிக்கை வர வேண்டும் என்று சொல்லி ஸ்டுடியோவுக்கு அனுப்பினாள். மீதிப் படங்கள் டிவி மேசை டிராயரில் இருந்தன. அதே படம்தான் இப்போது மேலே இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'லாண்டரி' செல்வகுமார்.

"வண்டிய ஓரங்கட்டுங்க" என்றாள்.

அவன் நிறுத்தினான். அவள் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

மில்லில் அவன் அப்பாவோடு சங்கத்தில் இருந்த கிருஷ்ணசாமி பெரியப்பாதான் அழைத்துப் போயிருக்கிறார். மெஷின் நின்ற மறுநாள், அவள் காய்கறி வாங்கப் போன அதே காலையில். முன்னாள் எம்.எல்.ஏ. நன்றாகப் பேசினாராம். அவர் ஆள் ஒருவர் அங்கேயே மேனேஜருக்கு போன் செய்தாராம்.

"கெளம்பறப்ப ஒரு போட்டோ மட்டும் குடுத்துட்டுப் போன்னாங்க. பர்ஸ்லயே இருந்துச்சு. போட்டோ தான, காசா பணமான்னு குடுத்துட்டேன்."

"யார் வாசல்லயும் நிக்க வேணாம்னு சொன்னது யாரு?"

"நாந்தான்." அவன் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ ராத்திரி தூக்கத்துல கூட அந்த மெஷினுக்குக் காது குடுத்துக்கினு படுத்திருந்த துர்கா. என்னால பாக்க முடியல."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நானும் போனேங்க."

"எங்க?"

"முதலியார்பேட்டைக்கு."

அவன் மெல்லத் திரும்பினான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இருவருக்கும் அது உறைக்கவில்லை.

பேங்க்கில் தேவதாஸ் அறைக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு டீ வரவில்லை. ஃபைலைத் திறந்து, அதில் ஒட்டியிருந்த ஊதாச் சட்டைப் படத்தை விரலால் தொட்டுக் காட்டினார். தானும் தினமும் அந்த சிக்னல் வழியாகத்தான் வருவதாகச் சொன்னார். ஒரே நாளில் இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வந்தது, முதலில் தற்செயல் என்று நினைத்தேன், பேனரைப் பார்த்த பிறகு பயந்துவிட்டேன் என்றார். கொடுத்தால், அந்தக் கட்சிக்காரருக்கு ஏன் கொடுத்தாய் என்று மாமா கேட்பார். நாளைக்கு ஆட்சி மாறினால், ஆளுங்கட்சி சொல்லித்தானே கொடுத்தாய் என்று மற்றவர்கள் கேட்பார்கள். இதைப்போல ஒன்றில் மாட்டி ஏற்கெனவே வடக்கே மாற்றலாகிப் போய், பிள்ளைகளின் படிப்பு கெட்டவர் அவர்.

"எங்க பில்லைப் பாருங்க சார். வீட்டுப் பத்திரம் இருக்கு. அதுல எதுனா தப்பு இருக்குதா?" என்று கேட்டாள் துர்கா.

"இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தர் சொல்லியிருந்தாங்கன்னா இன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. எலெக்ஷன் முடியட்டும்."

தேர்தலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. டிசம்பர் பாதிக்கு நாட்கள்தான் இருந்தன.

வெளியே வந்ததும் செல்வகுமாரே சொன்னான். "உங்க மாமா வூட்டுக்குப் போவலாம்." அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று கல்யாணத்தன்றே சொன்னவன். இப்போது அவனுக்கு அவளைவிட அவசரமாக இருந்தது.

மதிய நேரம். தனக்கொடி அத்தை இருவரையும் பார்த்ததும் மலர்ந்து, உள்ளே போய்த் தட்டுகளைக் கழுவி எடுத்து வந்தாள். மாமா கை காட்டி அவளை நிறுத்தினார்.

"சாப்புட வரச் சொன்னேன். அது வேற ஆளுக்குச் சொன்னது. பேனர்ல நிக்கற ஆளுக்குச் சொல்லல."

செல்வகுமார் கைகூப்பினான். "தெரியாம செஞ்சிட்டேன் மாமா." அவரை அவன் மாமா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. துர்காவுக்கு அதைக் கேட்கவே முடியவில்லை. ஆசையாகக் கூப்பிட வேண்டிய சொல் இப்படியா வர வேண்டும்.

"நான் உனக்காகப் பேசறேன். நீ அவன் காலடியில நிக்கற. ஊரே பாத்துட்டு எங்கிட்ட வந்து சிரிக்குது." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மொதல்ல அந்த மூஞ்சிய அங்கேர்ந்து எடு. எடுத்துட்டு வா. நானே பேங்க்ல ஒக்காந்து கையெழுத்து வாங்கித் தரேன்."

அத்தை கழுவிய தட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எடுப்பது எப்படி? கேட்டால் எடுக்கமாட்டார்கள். பிறந்தநாள் முடியும்வரை பேனர் நிற்கும், அதற்குள் மேனகா கொடுத்த கெடு முடிந்துவிடும். அந்த முகத்தைத் தாங்களே வெட்டி எடுத்துவிடுவது என்று வீட்டுக்கு வந்து முடிவு செய்தார்கள். விடிவதற்குள் போய் வந்துவிடலாம் என்று அவன் சொன்னான். தனியாக வேண்டாம், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். லாண்டரியில் நூல் வெட்டும் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு அடிக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் இரும்பு ஏணி டெம்போவில் ஏறியது.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. தூறல். ஏணியின் ஈரக் கம்பியை துர்கா உடம்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேலே அவன் ஏறும் ஒவ்வொரு படியும் கம்பி வழியாக அவளுக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் சீலை கரகரவென்று வெட்டுப்பட்டது, மெஷினின் சத்தத்தைப் போலவே. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் சுழன்று சுழன்று கீழே வந்து சேற்றில் விழுந்தது. அவள் அதை எடுத்து, புடவை முந்தானையால் துடைத்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எதிரே டீக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவசரமாக ஏணியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

நன்றாக விடிந்த பிறகுதான் தவறு தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் சதுரமாக வானம் தெரிந்தது. அதற்குக் கீழே பெயர் அப்படியே இருந்தது. 'லாண்டரி' செல்வகுமார். முகத்தோடு இருந்தபோது ஆயிரம் முகங்களில் ஒரு முகம். முகம் போன பிறகு அந்தத் தெருவில் போகிற ஒவ்வொருவரும் நின்று அந்தப் பெயரைப் படித்தார்கள். பத்து மணிக்குள் அந்த ஓட்டை எல்லோருடைய போனிலும் சுற்றியது.

முதலில் வந்தவர் கிருஷ்ணசாமி. திட்ட வந்திருந்தால்கூடத் தேவலை. நாற்காலி போட்டும் உட்காராமல் கொட்டகை வாசலில் நின்றார். "உங்கப்பன் செத்தப்ப, மேல போர்த்த ஒரு கட்சித் துணிதான் இருந்துச்சு. ஞாபகம் இருக்குதா? அதப் போட்டவங்க, நீ பேனர வெட்டுனியே, அவங்கதான்" என்றார். பிறகு செல்வகுமாரின் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாமாவிடமிருந்து போன் வரவில்லை. துர்கா கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது. மாலையில் ஹரிகிருஷ்ணன் பேசினான். அவன் குரலில் பழைய வருத்தம் எதுவும் இல்லை. இருந்தாலும் தயங்கித் தயங்கித்தான் பேசினான்.

"அப்பா பேசமாட்டேன்றாரு துர்கா. அங்க வெட்டுனவன் நாளைக்கு என்னையும் வெட்டுவான்றாரு. மொதல்லயே அவருதான எடுக்கச் சொன்னாருன்னேன். இப்டி ஊர் சிரிக்கவா சொன்னேன்றாரு. நான் சொல்லிப் பாத்துட்டேன்."

"சரி ஹரி."

"அந்த மேனேஜருக்கும் போன் பண்ணிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினான். "எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு."

அந்த வாரக் கடைசியில் பேங்க்கிலிருந்து ஃபைல் திரும்பி வந்தது, தற்போது பரிசீலிக்க இயலவில்லை என்ற ஒரு வரியோடு. மேனகா போனில் பேசவில்லை, நேரில் வந்தாள். துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் சொல்லிப் பார்த்தேன் என்றாள். சென்னை லாரி திங்கட்கிழமையிலிருந்து வரும். இங்கே இருக்கிற துணியை வெளுத்துக் கொடுத்துவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிப் பெண்கள் வரவில்லை, வரவேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். கடைசித் துண்டுகள் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய விரிப்புகள் காய்ந்து கிடந்தன. அந்த விடிகாலைக்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கோபம் இல்லை. எதைச் சொன்னாலும் மற்றவருக்கு வலிக்கும் என்று இருவருக்கும் பயம். மாமாவிடம் போகாமல் இருந்திருந்தால் என்று அவளும், அந்தப் படத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்று அவனும் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். இருவரில் ஒருவர் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாலே போதும். அதுதான் தாங்கவில்லை.

அவன் ஒரு விரிப்பை எடுத்து இரண்டு முனைகளை அவள் பக்கம் நீட்டினான். உதறினார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். எதிரெதிராக நடந்து வந்தார்கள். முனைகள் சேர்ந்தன. அவன் கையை விடவில்லை. கேட்கவும் இல்லை.

"கோவம் இல்லங்க" என்றாள் அவளாகவே.

அவன் முகம் கோணியது. வெட்டி எடுத்த அந்தப் படத்தில் எவ்வளவு நம்பிக்கையாகச் சிரித்துக்கொண்டிருந்தான். "இனிமே இன்னா பண்ணுவோம் துர்கா?"

விரிப்பு அவர்கள் இருவரின் விரல்களுக்கும் நடுவே வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் அந்தக் கரகரப்பு ஒருமுறை பலமாக எழுந்து, இழுத்துக்கொண்டு, நின்றது. டிரம்முக்குள் தண்ணீர் ஒருபக்கமாக ஒதுங்கும் ஓசை மட்டும் கேட்டது. எப்போதும் ஓடுகிறவள் துர்காதான். அவன் அவளைப் பார்த்தான். அவள் ஓடவில்லை, கையையும் விடவில்லை.